கேளுங்கள் சுபேதாரை!

கேள்வி (சத்துவாச்சாரி வாசகர்): 2014-ல் அமெரிக்க அதிபர் ஒபாமா, தாலிபான்களிடம் சிக்கியிருந்த தங்கள் ராணுவ வீரர் ஒருவரை மீட்க, கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோவில் இருந்த 5 தாலிபான்களைக் கத்தாருக்கு அனுப்பினார். 30 நாள் முன்னதாக நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. இதையெல்லாம் யார் முடிவு செய்வது?

பதில்: பேரம் பேசுவது அரசாங்கத்தின் வேலை. சபையில் வைத்து விவாதித்தால் காரியம் கெடும். ஆனால் முழுசாக அவர்கள் கையில் விடவும் எனக்கு மனசு வராது.

1973-ல் வடக்கே, 1971 போரில் பிடிபட்ட பாகிஸ்தான் கைதிகள் இருந்த ஒரு முகாமில் காவலுக்கு இருந்தேன். வேலிக்கு அந்தப்பக்கம் பாகிஸ்தானின் முல்தான் ஊர்க்காரர் ஒருவர், என் அப்பா வயசு. வீட்டிலிருந்து வந்த கடிதத்தை மடித்து மடித்து மடிப்பே கிழிந்துபோய், பின்னால் சோற்றுப் பசையால் காகிதம் ஒட்டி வைத்திருந்தார். காலையில் என்னைப் பார்த்ததும் "கப், பாய்?" என்பார். எப்போது தம்பி அனுப்புவீர்கள் என்று. துப்பாக்கி பிடித்த எனக்கே தெரியாது!

சண்டை 1971 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஓய்ந்ததும் தாமதிக்காமல் அனுப்பச் சொல்கிறது ஜெனீவா ஒப்பந்தம். சரணடைந்தது இந்தியா-வங்கதேசக் கூட்டுப்படையிடம், டாக்காவைக் கேட்காமல் விடமுடியாது என்றது டெல்லி. வங்கதேசத்தை அங்கீகரிக்காமல் பாகிஸ்தான் தலைவர் பூட்டோ இழுத்தடித்தார். 1973 ஆகஸ்டில் டெல்லி உடன்பாடு வந்த பிறகுதான் எங்கள் முகாமிலிருந்து ரயில் கிளம்பியது.

சரி, நீதிமன்றத்திடம் விட்டால்? குவாண்டனாமோவில் 17 உய்குர்கள், அதாவது சீனாவின் சிறுபான்மை முஸ்லிம்கள், இருந்தார்கள். எதிரிகள் இல்லை என்று அமெரிக்க அரசே ஒத்துக்கொண்டது. சீனாவுக்கு அனுப்பினால் சித்திரவதை. அமெரிக்காவிலேயே விடுங்கள் என்று 2008-ல் ஒரு நீதிபதி சொன்னார். மேல்முறையீட்டில் நிற்கவில்லை. கடைசி மூவர் ஸ்லோவாக்கியா போக 2013 டிசம்பர் ஆனது.

என் கட்சி இதுதான்: யாரை எப்போது விடுவது என்பதை அரசு பேசட்டும், ஆனால் சட்டம் ஒரு கெடு வைக்கட்டும். 'அங்கே போனால் உயிருக்கு ஆபத்து' என்று கைதி சொன்னால் நிறுத்திவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வேண்டும். ஒபாமா செய்தது தப்புதான். நாலு தலைவர்களிடம் ரகசியமாகவாவது சொல்லியிருக்கலாம்.

கேள்வி (ஆற்காடு வாசகர்): கண்டி ராஜாவை வேலூருக்கு அனுப்பியது யார் முடிவு?

பதில்: இலங்கையின் ஆங்கிலேய கவர்னர் பிரவுன்ரிக். 1815-ல் பிடித்தார்கள், மறுவருஷம் கப்பலேற்றினார்கள். கோர்ட்டும் கிடையாது, கெடுவும் கிடையாது. 1832-ல் இங்கேயே இறந்தார். அவர் நினைவிடமான முத்துமண்டபம் இருப்பது பாலாற்றங்கரையில், கோட்டைக்குள் போய்த் தேடி அலையாதீர்கள்.