ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு முளைக்கும் பொருள் உண்டா?

கேள்வி: எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பில் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தேவனை வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி நான்கு வாரம் பேச வேண்டியிருக்கிறது. என்னிடமுள்ள விளக்கப்படத்தில் நிறம், மரம், உலோகம், கூடாரத்தை இழுத்துக் கட்டும் முளை என அனைத்துக்கும் ஓர் அடையாளப் பொருள் அச்சிடப்பட்டுள்ளது. "இது வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று ஓர் இளைஞர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எதைச் சொல்லலாம், எதை விட்டுவிடலாம்?

பதில்: அந்த இளைஞரின் கேள்வியையே நான்கு வாரத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 25 முதல் 31 வரையுள்ள அதிகாரங்கள் கூடாரத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று மிக நுணுக்கமாகச் சொல்கின்றனவே தவிர, இளநீலம் வானத்தைக் குறிக்கிறது என்றோ இரத்தாம்பரம் (ஊதா) அரசாட்சியைக் குறிக்கிறது என்றோ எங்கும் சொல்லவில்லை. எருசலேமின் இரண்டாம் ஆலயத்தைத் தம் காலத்திலேயே அறிந்திருந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு, அதன் திரைச்சீலையின் நான்கு நூல்களுக்கு வேறு பொருள் தருகிறார்: சிவப்பு நெருப்பு, மெல்லிய வெண்ணூல் மண், நீலம் காற்று, இரத்தாம்பரம் கடல். குத்துவிளக்கின் ஏழு அகல்களை ஏழு கோள்களாகவும், தேவசந்நிதியில் வைக்கப்படும் பன்னிரண்டு சமுகத்தப்பங்களை மாதங்களாகவும் அவர் காண்கிறார். ஒரே துணிக்கு இரண்டு மரபுகள் இரண்டு பொருள் சொல்லும்போது, இரண்டுமே வாசிப்பவர்கள் தந்த விளக்கங்கள் என்று வகுப்பில் வெளிப்படையாகக் கூறுவதே நேர்மை.

அப்படியானால் வேதம் தானே காட்டும் அடையாளம் எது? பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும் வரிசையும், அவற்றைக் கொண்டு செய்யப்படும் செயலுமே. வெளிப்பிராகாரத்தின் தூண்களுக்கு வெண்கலப் பாதங்கள், வாசஸ்தலத்தின் பலகைகளுக்கு வெள்ளிப் பாதங்கள், உள்ளே பொன் என்று மேன்மை படிப்படியாகக் கூடுகிறது. அதே வரிசையில் நுழைவோரின் எண்ணிக்கை குறைந்து, மகா பரிசுத்த ஸ்தலம் எனும் உள்ளறைக்குள் பிரதான ஆசாரியன் ஒருவனே, அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே செல்கிறான். வாசல் கிழக்கே இருக்கிறது; வழிமறிக்கும் திரையில் கேருபீன்கள் எனும் சிறகுள்ள வானவர்களின் உருவங்கள் நெய்யப்பட்டிருக்கின்றன. ஆதியாகமம் 3:24இல் ஏதேனுக்குக் கிழக்கே கேருபீன்கள் காவல் வைக்கப்பட்டதையும், சாலொமோனின் ஆலயச் சுவர்களில் பேரீந்து மரங்களும் மலர்களும் செதுக்கப்பட்டிருந்ததையும் சேர்த்து வாசித்தால், இழந்த தோட்டத்தின் வாசலுக்கே வழிபாடு மனிதனைத் திரும்ப அழைத்துச் செல்கிறது என்பது புலப்படும். இந்த அடையாளத்துக்கு வசன ஆதாரம் காட்ட முடியும் என்பதால் முதல் வாரத்தை இதற்கே கொடுக்கலாம்.

இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் லேவியராகமம் 16க்கு ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியனான ஆரோன் பொன்னும் மணிகளும் பதித்த மகிமையான உடையைக் கழற்றிவிட்டு, எளிய சணல்நூல் சட்டையும் இடைக்கச்சையும் பாகையும் தரித்து உள்ளே போகிறான். தூபகலசத்தில் நெருப்புத் தணலும், இரு கைப்பிடி நிறையப் பொடித்த தூபவர்க்கமும் எடுத்துச் செல்கிறான். புகை மேகம் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தை மூடாவிட்டால் அவன் சாவான் என்பது எச்சரிக்கை. ஆகவே தூபம் இங்கே ஒரு திரையாக நிற்கிறது. சங்கீதம் 141இலும் வெளிப்படுத்தல் 5இலும் அதுவே ஜெபத்தின் உருவம். ஒரே பொருளுக்கு இடத்துக்கேற்ப அர்த்தம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பலியிடப்பட்ட வெள்ளாட்டின் இரத்தம் தெளிக்கப்படுவது ஜனங்களின்மேல் அன்று, அவர்களுடைய அசுத்தத்தால் தீட்டுப்பட்ட பரிசுத்த ஸ்தலத்தின்மேல் என்பதை 16ஆம் வசனத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பலரும் கவனிக்காத இடம் அது. அதன் பிறகே போக்காடு எனப்படும் உயிருள்ள இரண்டாம் வெள்ளாட்டின் தலையில் இரு கைகளையும் வைத்து, பாவங்களை அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்புகிறார்கள். சுத்திகரிப்பும் அகற்றுதலும் இரண்டு செயல்களாக இருப்பதால்தான் இரண்டு வெள்ளாடுகள் தேவைப்பட்டன.

பிரதான ஆசாரியன் உள்ளே இறந்துவிட்டால் இழுத்தெடுக்க அவன் காலில் கயிறு கட்டினார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். வேதாகமத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. அது இடைக்கால யூத எழுத்துகளில் காணப்படும் செய்தி. வகுப்பில் தவிர்த்துவிடுங்கள்.

நான்காம் வாரத்தில் எபிரெயர் நிருபத்துக்கு வரலாம். முதலாம் கூடாரம் நிற்கும்வரை பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகும் வழி வெளிப்படவில்லை என்று 9:8 சொல்கிறது. திரைச்சீலையைக் கிறிஸ்துவின் மாம்சத்தோடு 10:20 இணைக்கிறது. அதே நிருபம் குத்துவிளக்கு, மேஜை, பெட்டி, கேருபீன்கள் ஆகியவற்றை வரிசையாகப் பெயர் சொல்லிவிட்டு, அவற்றை விவரிக்காமல் கடந்து போவதையும் காட்டுங்கள். நிருபத்தை எழுதியவருக்கே இருந்த அந்த அடக்கம் நமக்கும் பொருந்தும். சாலொமோனின் மகா பரிசுத்த ஸ்தலம் நீளம், அகலம், உயரம் எல்லாம் இருபது முழம். வெளிப்படுத்தல் 21இன் புதிய எருசலேமும் மூன்று அளவிலும் சமமானது, அதற்குள் தேவாலயமும் இல்லை. அந்த இரு அளவுகளையும் பலகையில் அருகருகே எழுதி, காரணம் என்ன என்று அந்த இளைஞரிடமே கேளுங்கள்.

உங்கள் படத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வசனம் காட்டக்கூடிய விளக்கங்களுக்கு அருகே வசன எண்ணைப் பென்சிலால் குறியுங்கள். மற்றவற்றைச் சபை மரபில் வந்த தியானம் என்று சொல்லிக் காட்டலாம். முளைகளுக்கும் கொளுவிகளுக்கும் பெரும்பாலும் எண் எதுவும் எழுத முடியாது; காற்றில் கூடாரம் சரியாமல் நிற்பதற்கு அவை தேவைப்பட்டன.