காஸ்லானும் பாஸ்கர்வில்லும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பழைய ஆங்கில அச்சு நூல்களைப் பற்றிய உங்கள் குறிப்பில் காஸ்லான் எழுத்துருவைப் புகழ்ந்துவிட்டு, பாஸ்கர்வில்லை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இரண்டுமே செரிஃப், அதாவது கோடுகளின் முனையில் சிறு நீட்சி உள்ள எழுத்துருக்கள்தாம். ஒன்று தடித்தும் மற்றது மெலிந்தும் தெரிவது ஆக்கியவர்களின் ரசனையால் மட்டும்தானா? பாஸ்கர்வில் கண்ணைக் கெடுக்கும் என்று அக்காலத்திலேயே சொன்னார்களாமே?

ர.

அன்புள்ள ர.,

ரசனைக்கும் பங்கு உண்டு. ஆனால் காகிதத்துக்கும் மைக்கும் அதைவிடப் பெரிய பங்கு உண்டென்பது என் எண்ணம்.

வில்லியம் காஸ்லான் துப்பாக்கிப் பாகங்களில் சித்திர வேலை செதுக்கியவர். 1720 வாக்கில் அவர் லண்டனில் எழுத்து வார்க்கத் தொடங்கியபோது ஆங்கில அச்சகங்கள் பெரும்பாலும் டச்சு எழுத்துகளையே நம்பியிருந்தன. எழுத்து வார்ப்போர் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாதென்று 1637இல் அரசு விதித்த கட்டுப்பாடு அதற்கு ஒரு காரணம். வேலையும் எளிதன்று. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்கி, அதைச் செம்புத் துண்டில் அறைந்து பள்ளமாக்கி, அந்தச் செம்பைக் கையடக்க வார்ப்புப் பெட்டியில் பொருத்தி, ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த குழம்பை ஊற்றிய கணமே பெட்டியை மேல்நோக்கி வெடுக்கென உதற வேண்டும். உதறல் பிசகினால் குழம்பு மூலைவரை ஓடாமல் செரிஃபின் நுனி மழுங்கிவிடும். இப்படி ஒவ்வோர் எழுத்தாக வார்த்தார்கள். நனைத்த சொரசொரப்பான காகிதத்தில் மை சற்றுப் பரவினாலும் வடிவம் குலையாதபடி அமைந்தவை காஸ்லானின் எழுத்துகள்.

பர்மிங்ஹாமின் ஜான் பாஸ்கர்வில் கையெழுத்துப் பயிற்றியவர், கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டியவர், அரக்குப் பூச்சுச் சாமான்களில் பணம் சேர்த்தவர். அவருக்காக எஃகில் செதுக்கியவர் ஜான் ஹேண்டி. அந்த மெல்லிய கோடுகள் சாதாரணக் காகிதத்தில் தங்கா என்பதால் பாஸ்கர்வில் மையைத் தாமே காய்ச்சினார். 1757இல் வந்த, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூல் பதிப்பின் ஒரு பகுதியை, வார்ப்புச் சல்லடையின் கம்பித் தடம் தெரியாத வழவழப்பான புதுக் காகிதத்தில் அச்சிட்டார். அச்சான தாள்களைச் சூடான செப்புத் தகடுகளுக்கிடையே அழுத்தியெடுத்தார். காகிதத்தையும் மையையும் பிரித்துவிட்டு அவருடைய எழுத்தை மட்டும் மதிப்பிடுவது நியாயமாகாது.

கண் கெடும் என்ற புகாருக்கு, அமெரிக்க அச்சாளரும் அரசியலாளருமான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1760இல் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய கடிதமே விடை. அப்படிக் குறைகூறிய ஒருவரிடம் ஃபிராங்க்ளின் காஸ்லானின் எழுத்து மாதிரித் தாளைப் பெயரிருந்த மேற்பகுதியைக் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லுடையது என்று சொல்லிக் கொடுத்தாராம். மனிதரோ அதில் வரிசையாகக் குறைகளைச் சுட்டிக்காட்டினார்! வாழ்நாளெல்லாம் அந்த மனிதர் உறுத்தலின்றிப் படித்துவந்தது அதே காஸ்லான் எழுத்தைத்தான்.

இரண்டையும் ஒப்பிட விரும்பினால் ஆங்கிலப் பேரெழுத்து 'ஏ'யின் (A) உச்சியைப் பாருங்கள்: காஸ்லானில் அங்கே ஒரு சிறு குழிவு இருக்கும். சிற்றெழுத்து 'ஜி'யின் (g) கீழ்ச்சுழி மூடாமல் விட்டிருந்தால் அது பெரும்பாலும் பாஸ்கர்வில்தான். மலிவான காகிதத்தில் அச்சிடும் நூலுக்கு நான் இன்றும் காஸ்லானையே தேர்ந்தெடுப்பேன். என் குறிப்பு அத்தகைய நூல்களைப் பற்றியது என்பதால்தான் பாஸ்கர்வில்லுக்கு ஒரு வரி.