ஓடும் எலியும் தேடும் எலியும்

வணக்கம்.

ஒரே அளவு கொகெய்ன் கொடுத்தும் ஒரு வகைச் சுண்டெலி தறிகெட்டு ஓடுகிறது, இன்னொரு வகை அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை, காரணம் மரபணு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அப்படியானால் போதைக்கு அடிமையாவது பிறவியிலேயே முடிவாகிவிடுகிறதா? மனிதர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்து முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

நீங்கள் படித்தது சரிதான். சி57பிளாக்6 என்று ஒரு சுண்டெலி வம்சம். கூடப்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து வளர்த்ததால் எல்லாம் ஏறக்குறைய ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் மாதிரி. 1951-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து சில எலிகள் அந்நாட்டு தேசியச் சுகாதார நிறுவனத்துக்குப் போயின. அப்புறம் இரண்டு கிளைகளும் தனித்தனியே பெருகின. சுகாதார நிறுவனக் கிளை மட்டும் கொகெய்னுக்குக் குறைவாகத் துள்ளியது. ஏன் என்பது 2013-இல் தெரிந்தது: சைஃபிப்2 என்ற புரதத்தின் 968-ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் ஃபினைல்அலனின். ஒரே ஒரு அமினோ அமிலம்!

ஆனால் இங்கே அளந்தது ஓட்டத்தை. பெட்டிக்குள் அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். எலி எத்தனை முறை அவற்றை மறித்தது என்று கருவி எண்ணும், அவ்வளவுதான். ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு ஊக்க மருந்தின் அளவைக் கூட்டினால் எலி ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டி ஆட்டி மோப்பம் பிடிக்கும், எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். மருந்து உச்சத்தில் இருக்கிறது, எண்ணிக்கையோ இறங்குகிறது.

ஓட்டம் வேறு, நாட்டம் வேறு. டோபமைன் என்பது மூளைச் செல்களிடையே செய்தி கடத்தும் பொருள். அதைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தைத்தான் கொகெய்ன் தடுக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய எலிகளைப் பற்றி 1996-இல் எழுதினார்கள். அவை மருந்தில்லாமலே ஓடிக்கொண்டிருந்தன. கொகெய்ன் கொடுத்தும் ஓட்டம் கூடவில்லை. சரி, கொகெய்ன் அவற்றுக்கு ஒன்றுமே செய்யாது என்று நினைத்தால், 1998-இல் வந்த ஆய்வில் அதே வகை எலிகள் தாங்களாகவே கொகெய்னை எடுத்துக்கொண்டன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த முடிவு இது.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது டிபிஏ/2ஜே வம்சம். இவற்றில் டார்1 என்ற ஏற்பி (செல்லில் வேதிச் செய்தியை வாங்கும் புரதம்) வேலை செய்வதில்லை. இந்தப் பழுதான வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்ற எலிகள் மெத்தாம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து கலந்த தண்ணீரை நிறையக் குடிக்கின்றன. ஏற்பி நன்றாக இருக்கும் எலிகளுக்கு அந்த மருந்து உடல் வெப்பத்தைக் குறைக்கிறது, ஒருவித வெறுப்பையும் உண்டாக்குகிறது. அதனால் அவ்வளவாகக் குடிப்பதில்லை. ஆக இந்த மரபணுக் கோளாறு ஆசையைக் கூட்டியது என்பதைவிட, அருவருப்பை அகற்றியது என்பதே பொருத்தம்.

சூழலும் சும்மா இருப்பதில்லை. 1999-இல் வெளியான ஆய்வுக்காக வட அமெரிக்காவின் ஆல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட் என மூன்று ஊர் ஆய்வகங்கள் ஒரே பட்டியலிலிருந்த பல வம்ச எலிகளை, அதே வயதில், அதே வகைக் கருவிகளில் சோதித்தன. கொகெய்ன் ஓட்டமும் அதில் உண்டு. வம்சங்களுக்கு இடையிலான பெரிய வேறுபாடுகள் மூன்று இடத்திலும் தெரிந்தன. சிறியவை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறின.

ரத்தப் பரிசோதனை வேண்டாம். மனிதர்கள் யாரும் இந்த எலிகளைப்போல உறவுக்குள்ளேயே இணைசேர்த்து வளர்த்த உட்கலப்பு வம்சம் இல்லை. நம்மிடம் பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளுகின்றன; மருந்து கைக்கு எட்டுகிறதா, எந்த வயதில் எட்டியது, கூட யார் இருந்தார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. அடிமையாவாரா என்று ஒரு மரபணுவைப் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.