மேலாண்மை ஜர்னலுக்குப் பேப்பர் அனுப்புவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மேலாண்மையில் பிஎச்.டி. செய்பவர்களும் இளம் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகள் இவை. பல ஆண்டுகள் எம்.பி.ஏ. வகுப்பு எடுத்திருக்கிறேன், ஜர்னல்களுக்கு ரிவ்யூவராகவும் (வரும் பேப்பரைப் படித்துக் கருத்துச் சொல்பவர்) இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

ஆம்பூர், பிஎச்.டி. மாணவர்: மேடம், ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் பணித் திருப்தி பற்றி 384 பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கி எழுதினேன். இரண்டு ஜர்னல்கள் ரிவ்யூவுக்கே அனுப்பாமல் திருப்பிவிட்டன. "பங்களிப்பு போதாது" என்று ஒரே வரி. நம்ம ஊர் சின்ன ஊர் என்பதாலா?

ஊர் காரணமே இல்லை தம்பி. கேள்விதான் காரணம். "ஆம்பூரில் பணித் திருப்தி எந்த அளவு இருக்கிறது" என்பது ஆம்பூருக்குப் பயன்படும் தகவல். ஆனால் அந்த ஜர்னலைப் படிப்பவர் தைவானில் இருக்கலாம், பிரேசிலில் இருக்கலாம். பணித் திருப்தி பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்த எதை உங்கள் ஆம்பூர் மாற்றுகிறது? எடிட்டர் தேடுவது அதைத்தான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆட்கள் ஏன் வேலையை விடாமல் இருக்கிறார்கள் என்று விளக்க, 2001-ல் "பணியில் வேரூன்றல்" என்ற கருத்து வந்தது. அது வேலையிடத்து உறவுகளை ஒரு கணக்காகவும், குடியிருக்கும் ஊரின் உறவுகளை இன்னொரு கணக்காகவும் எடுத்துக்கொள்கிறது. நம்ம பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஒரே கிராமத்துப் பெண்கள் சேர்ந்து வருகிறார்கள். பக்கத்து மெஷினில் தைப்பவர் சொந்தச் சித்தியாக இருப்பார். அப்படியானால் அந்த இரண்டு கணக்கையும் பிரிக்க முடியுமா? ஒருத்தி வேலையை விட்டால் கூட வந்த நாலு பேரும் விடுவார்களா? இது ஆம்பூரில் மட்டுமே கேட்கத் தோன்றும் கேள்வி, ஆனால் பதில் உலகத்துக்கே வேண்டும். ஊரை மறைக்க வேண்டாம், ஊர் வர்ணனையோடு நிறுத்தவும் வேண்டாம்.

அந்த 384 பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து தீசிஸ் எடுத்தால் பாதியில் இந்த எண் இருக்கிறது. 1970-ல் கிரெஜ்சி, மார்கன் இருவரும் வெளியிட்ட அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு வரும் எண் அது. ஒரு விகிதத்தை 95 விழுக்காடு நம்பிக்கையோடு, 5 விழுக்காடு கூடக்குறைய மதிப்பிடுவதற்கான கணக்கு. ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. கிடைத்தவர்களிடம் படிவத்தை நீட்டிவிட்டு 384-ஐ எழுதினால் ரிவ்யூவர் உடனே பிடித்துவிடுவார். உங்கள் ஆய்வில் எந்தெந்தக் காரணிகளுக்கு இடையே எத்தனை தொடர்புகளைச் சோதிக்கிறீர்கள், எவ்வளவு சிறிய விளைவைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள் என்பதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். குலுக்கல் இல்லாமல் கிடைத்தவர்களையே எடுத்திருந்தால் அதை நேராகவே எழுதிவிடுங்கள்.

வாணியம்பாடி, ஆய்வு மாணவி: கேள்வித்தாளை எச்.ஆர். மூலமாகத்தான் கொடுக்க முடிந்தது. சூப்பர்வைசர்தான் திருப்பி வாங்கிக் கொடுத்தார். இதைப் பேப்பரில் எழுத வேண்டுமா மேடம்?

கட்டாயம் எழுத வேண்டும் அம்மா. எழுதுவதோடு தீராது என்பதும் உண்மை. சூப்பர்வைசர் கையில் போகப்போகும் தாளில் எந்தப் பெண் "எனக்குத் திருப்தி இல்லை" என்று டிக் போடுவாள்? அந்தத் தரவில் எல்லாமே ஐந்துக்கு 4-ம் 5-மாகத்தான் நிற்கும். முடிந்தால் இன்னொரு சுற்று போங்கள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்திலோ வீட்டிலோ, பெயர் கேட்காமல் வாங்குங்கள். நூறு பேர் கிடைத்தாலும் அவர்களின் பதிலை முதல் தரவோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

மொழிபெயர்ப்பையும் விளக்குங்கள். ஆங்கிலக் கேள்வித் தொகுப்பை ஒருவர் தமிழாக்க, ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். உங்கள் ஊரில் உருது பேசும் பெண்களும் உண்டு. அவர்களுக்கு யார் படித்துக் காட்டினார்கள் என்பதுகூட முறையியல் பகுதியில் வர வேண்டிய செய்தி.

ராணிப்பேட்டை, கல்லூரி ஆசிரியர்: தோல் தொழில் பற்றி வேலூர் மாவட்டப் புள்ளிவிவரத்தை 2010 முதல் எடுத்திருக்கிறேன். 2019-க்குப் பிறகு எண்கள் திடீரென்று விழுகின்றன. கோவிட் பாதிப்பு என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் சார். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன, உங்கள் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரமே ஆகிவிட்டது. தோல் தொழிலின் பெரும்பகுதி இன்றைய வேலூர் மாவட்டக் கணக்கில் இல்லை. மூன்று மாவட்டங்களையும் கூட்டிப் பழைய எல்லைக்கு ஒரே தொடராக்குங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கும் பிரியாத மாவட்டத்துக்கு உரியது. இதை இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள், வெளிநாட்டு ரிவ்யூவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதேபோல, தொழிற்சாலைகளின் கழிவுநீர்ச் செலவைப் பேசினால், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சொல்லுங்கள். அந்த வழக்கே வேலூர்ப் பெயரில்தான் இருக்கிறது.

குடியாத்தம், உதவிப் பேராசிரியை: "ஸ்கோபஸ் ஜர்னல், 15 நாளில் ஏற்பு" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. 25,000 ரூபாய் கேட்கிறார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த தரமான ஜர்னல்களின் கேர் பட்டியலும் இப்போது இல்லை. எதை நம்புவது மேடம்?

தயவுசெய்து பணம் கட்டாதீர்கள் அம்மா. ஸ்கோபஸ் என்பது ஆய்வு ஜர்னல்களைத் தொகுக்கும் தரவுத்தளம். ரிவ்யூவர் என்ன சொல்வார் என்று எடிட்டருக்கே முன்கூட்டித் தெரியாது. நாள் குறித்து ஏற்பு தருகிறேன் என்பவர் ரிவ்யூ நடக்காது என்றுதான் சொல்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து இப்படிக் கட்டிவிட்டு, பிறகு அந்தப் பேப்பரைப் பயோடேட்டாவில் காட்டவும் முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மனசு பொறுக்கவில்லை.

கேர் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தரம் பார்க்கும் பொறுப்பு இப்போது கல்லூரிகளிடமும் நம்மிடமும் இருக்கிறது. அவர்கள் அனுப்பும் லிங்கை அழுத்தாமல், ஸ்கோபஸ் தளத்துக்கு நீங்களே போய் ஜர்னலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஐப் போட்டுப் பாருங்கள். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள், நிறுத்திவிட்டார்களா என்பது தெரியும். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் உண்டு, அதனால் பதிப்பகத்தின் தளத்திலிருந்தே உள்ளே போங்கள். ஆஸ்திரேலிய பிசினஸ் டீன்கள் கவுன்சிலின் ஏபிடிசி பட்டியலையும் பாருங்கள். ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று நான்கு தரம் இருக்கும். பட்டியல் பார்த்ததும் வேலை முடிந்துவிடாது. அந்த ஜர்னலில் சமீபத்தில் வந்த ஐந்து பேப்பராவது முழுதாகப் படியுங்கள். உங்கள் பேப்பர் அந்தப் பேச்சில் சேருமா என்பது அப்போதுதான் தெரியும்.

கட்டணம் கேட்டாலே மோசடி என்றும் இல்லை. சில நிதியியல் ஜர்னல்கள் அனுப்பும்போதே கட்டணம் வாங்குகின்றன, அதைத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்கும். பல பெரிய பதிப்பகங்களின் ஜர்னல்களில், திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) வேண்டுமென்றால் மட்டும் ஏற்புக்குப் பிறகு பணம் கட்டலாம். சந்தா வழியை (படிப்பவர் பணம் கட்டுவது) தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு ஒரு ரூபாயும் ஆகாது. இன்னொன்று, 2022 பிஎச்.டி. விதிமுறையில் தீசிஸ் கொடுக்கும் முன் ஜர்னல் பேப்பர் வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் இன்னும் வைத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசரம் குறைந்தால் ஏமாறுவதும் குறையும்.

காட்பாடி: பெயரை மறைத்து அனுப்பச் சொல்கிறார்கள். தலைப்புப் பக்கத்தை எடுத்தால் போதுமா?

போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும், அழியுங்கள். நன்றியுரையைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று எழுதாமல், வேறு யாரோ எழுதியதைப் போலவே மேற்கோள் காட்டுங்கள்.

ஆற்காடு: சுருக்கம் எத்தனை வார்த்தை, மேற்கோள் முறை எது?

ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். எமரால்டு பதிப்பகம் நோக்கம், முறை, கண்டுபிடிப்பு, புதுமை என்று தலைப்பிட்டு 250 வார்த்தைக்குள் கேட்கும். அமெரிக்க உளவியல் சங்க முறை கேட்டால் ஏழாவது பதிப்பைப் பின்பற்றுங்கள். ஜர்னல் தரும் கட்டுரை ஆசிரியர்களுக்கான வழிகாட்டியை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

திருப்பத்தூர்: என் தீசிஸ் சோத்கங்காவில் (இந்திய தீசிஸ்களின் இணையக் களஞ்சியம்) இருக்கிறது. அதிலிருந்து பேப்பர் எழுதினால், நகல் பார்க்கும் மென்பொருள் ஒப்புமை 38 விழுக்காடு காட்டுகிறது. வார்த்தைகளை மாற்றித் தரும் மென்பொருள் போடலாமா?

வேண்டவே வேண்டாம் தம்பி. அது கலைச்சொற்களைக்கூட மாற்றி அர்த்தத்தைக் கெடுக்கும், ரிவ்யூவருக்கும் தெரிந்துபோகும். பேப்பர் பிஎச்.டி. தீசிஸிலிருந்து வந்தது என்று கவர் லெட்டரில் சொல்லிவிடுங்கள், பல ஜர்னல்கள் ஏற்கும். அதற்காக அத்தியாயத்தை வெட்டி ஒட்டாதீர்கள். தீசிஸ் "எல்லாம் படித்தேன்" என்று காட்டுவதற்கு, பேப்பர் ஒரே ஒரு கேள்விக்கு. தீசிஸை மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள், அந்த 38 தானாக இறங்கும். ஏஐ கருவியை மொழி திருத்தப் பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் தெரிவியுங்கள். கட்டுரை ஆசிரியர் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஊர் வேண்டாம் என்றவர்: பேப்பரைப் படிக்கவே படிக்காத ஒருவரின் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. மறுத்துச் சண்டை போடச் சொல்ல மாட்டேன். யார் எந்தப் பங்கைச் செய்தார்கள் என்ற அறிக்கையைப் பல ஜர்னல்கள் கேட்கின்றன. அந்தப் பக்கத்தைக் காட்டி, "உங்கள் பங்கு என்னவென்று எழுதட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் உண்மையிலேயே ஒரு பகுதியை எழுதித் தந்தால் நல்லது. இல்லையென்றால் நன்றியுரையில் பெயர் போடலாம்.

வாலாஜா, பகுதிநேர ஆய்வாளர்: பெரிய திருத்தம் வேண்டும் என்று வந்திருக்கிறது. இரண்டு ரிவ்யூவர், 27 கருத்து. விட்டுவிட்டு வேறு ஜர்னலுக்கு அனுப்பட்டுமா?

விடாதீர்கள் சார்! அது நல்ல செய்தி. முன்பின் தெரியாத இரண்டு பேர் உங்கள் பேப்பரை 27 இடத்தில் நின்று படித்திருக்கிறார்கள். எனக்கு முதன்முதலில் இப்படி வந்தபோது நான்கு மாதம் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை, கெடு தாண்டிப்போனது. இன்றும் அது எனக்கு வருத்தம்.

முதல் மூன்று நாள் பதில் எழுத வேண்டாம். பிறகு ஒரு அட்டவணை போடுங்கள். ஒரு பக்கம் ரிவ்யூவரின் கருத்து ஒரு வார்த்தையும் குறைக்காமல், மறுபக்கம் நீங்கள் செய்தது, பக்க எண்ணோடு. ஒத்துக்கொள்ள முடியாத கருத்துக்குக் காரணத்தைச் சான்றோடு எழுதுங்கள், பணிவாக. இரண்டு ரிவ்யூவர்கள் எதிரெதிராகச் சொன்னால் எந்தப் பக்கம் போனீர்கள், ஏன் என்பதை எடிட்டருக்குத் தனியாகச் சொல்லுங்கள். ஒரு ஜர்னலிடம் பேப்பர் இருக்கும்போதே இன்னொரு ஜர்னலுக்கு அனுப்பினால் இரண்டிலும் பெயர் கெடும். பகுதிநேரமாகச் செய்கிறீர்கள், கெடு போதாமல் போகலாம். கெடு முடியும் முன்பே எடிட்டருக்கு நாலு வரி மெயில் போட்டு ஒரு மாதம் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.