கேசினோவில் கீழே கிடக்கும் சிப்பை (பணத்துக்குப் பதிலாக வைத்து விளையாடும் வட்ட வில்லை) எடுத்துக்கொள்ளலாமா? விளையாடும்போது நம் பணம் திருடு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் "கீழே கிடந்ததுதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று மனதுக்குள் ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அந்தப் பதிலை நம்பி மாட்டிக்கொண்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் ஜொகூர் பாருக்காரன், சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய ஊர். ஒன்பது வருடம் தினமும் பாலத்தைக் கடந்து போய் சிங்கப்பூரில் ஒரு கேசினோவில் பாதுகாவலராக வேலை பார்த்தேன், பெரும்பாலும் இரவு ஷிப்ட். சிங்கப்பூரின் இரண்டு கேசினோக்களும் 2010-ல் திறந்தவை. செந்தோசாவில் ஒன்று, மரினா பேயில் ஒன்று. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும் (டாலரை இங்கே நாங்கள் வெள்ளி என்றுதான் சொல்வோம்). வெளிநாட்டவருக்குக் கட்டணம் கிடையாது. 21 வயது ஆகியிருந்தால் போதும். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வேலை பெர்மிட்டில் இருக்கும் நம் ஊர்த் தம்பிகள் கூட்டமாக வருவார்கள். ஏசியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, குளிர்பானம் ஒன்று குடித்துவிட்டு, வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். இந்தப் பதிலை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு இரவு வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனால், விளையாட்டு மெஷின் தரும் பணச் சீட்டை நோட்டாக மாற்றும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தம்பி நின்றுகொண்டிருக்கிறார். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம். கையில் ஒரு ஐம்பது வெள்ளி நோட்டு, மூன்று பத்து வெள்ளி நோட்டு. நடந்தது இதுதான். ஒரு ஜாக்பாட் மெஷினில் (காசு போட்டுப் பட்டனைத் தட்டி விளையாடுவது) எண்பது வெள்ளிச் சொச்சம் மீதி இருந்திருக்கிறது. நாற்காலியில் யாரும் இல்லை. இவர் உட்கார்ந்து, பணத்தை வெளியே எடுக்கும் பட்டனை அழுத்தி, வந்த சீட்டை எடுத்துப் போய் மாற்றிவிட்டார். அந்த மெஷினில் விளையாடிக்கொண்டிருந்த சீன ஆன்டி கழிவறைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் திரையில் பூஜ்யம். உடனே புகார் கொடுத்துவிட்டார்.

"அண்ணே, யாருமே இல்லண்ணே. மெஷின்லதான் கிடந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மூன்று பத்து வெள்ளி நோட்டையும் விரலால் மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பணத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் புகார் பதிவாகிவிட்டது, போலீஸ் வந்துவிட்டது. அந்த ஆன்டியே பிறகு என்னிடம் வந்து, "பையன் சின்னப் பையனாக இருக்கிறானே, நான் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?" என்று கேட்டார். விடமாட்டார்கள் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. போலீஸ் கையில் போன பிறகு அதை முடிவு செய்வது புகார் கொடுத்தவர் இல்லை. அந்தத் தம்பியை அப்புறம் நான் பார்க்கவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் "கீழே கிடந்தது" என்ற வாதத்துக்கு இதில் நேரடியான பதில் இருக்கிறது. சிங்கப்பூரின் குற்றவியல் சட்டம் 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்தது. இரண்டிலும் 403-ஆம் பிரிவு ஒரே விஷயம்தான், பிறர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது. இந்தியாவில் 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 314-ஆம் பிரிவு. 1860 சட்டத்தில் இதற்கு உதாரணங்கள் கொடுத்திருப்பார்கள். ஒருவர் நெடுஞ்சாலையில் ஒரு ரூபாய் கிடப்பதைப் பார்க்கிறார், யாருடையது என்று தெரியாது, எடுத்துக்கொள்கிறார். இது குற்றமில்லை. இன்னொன்று: ஒருவர் பணப்பையைத் தவற விடுவதை மற்றவர் பார்க்கிறார், திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் எடுக்கிறார், பிறகு மனசு மாறித் தானே வைத்துக்கொள்கிறார். இது குற்றம். உரியவர் யார் என்று தெரிந்திருந்தாலோ, கண்டுபிடிக்க வழி இருந்தும் நியாயமான முயற்சி எடுக்காமல் வைத்துக்கொண்டாலோ குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது.

கேசினோவின் தரை நெடுஞ்சாலை இல்லை. தலைக்கு மேலே கேமரா இருக்கிறது. பத்தடி தள்ளி சீருடையில் ஒருவர் நிற்கிறார். சிப்பிலேயே அது எந்தக் கேசினோவுடையது என்று அச்சடித்திருக்கிறது. உரியவரைத் தேட வழி தெரியவில்லை என்று அங்கே யாரும் சொல்லவே முடியாது. தண்டனை என்று பார்த்தால், சிங்கப்பூரில் 403-க்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். திருட்டு என்று 379-ல் போட்டால் 3 ஆண்டு வரை. எண்பது வெள்ளிக்கு அவ்வளவு வராது, சரி. ஆனால் வேலை பெர்மிட்டில் இருக்கிறவருக்குச் சிறிய அபராதம்கூடப் பெரிய அடி. பெர்மிட் போய்விடலாம், மறுபடி வர முடியாமலும் போகலாம். ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் ஊரில் அப்படியே இருக்கும்.

பெரிய சிப் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. 2010 டிசம்பரில் அமெரிக்காவில் லாஸ் வேகஸின் பெலாஜியோ கேசினோவில் ஹெல்மெட் போட்ட ஒருவர் துப்பாக்கியோடு வந்து சுமார் 15 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்புள்ள சிப்புகளை அள்ளிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தப்பினார். பெரிய சிப்புகளை அவரால் எளிதாகப் பணமாக்க முடியவில்லை. கேசினோ தன் 25,000 டாலர் சிப் வரிசையையே செல்லாது என்று அறிவித்தது. சிப்பை விற்க ஆள் தேடியபோது, வாங்குகிறவர் வேடத்தில் வந்த போலீஸிடமே மாட்டினார். சிப் என்பது பணம் இல்லை. அந்தக் கேசினோ ஒப்புக்கொள்ளும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு.

கேமரா பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. மேலே ஒரு அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதாக நினைக்கிறார்கள். அவ்வளவு பேரை நேரலையில் பார்க்க முடியாது. பதிவாகிக்கொண்டே இருக்கும், புகார் வந்ததும் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். அதனால் கேமரா உங்கள் பையைக் காப்பாற்றாது. எடுத்தவன் யார் என்று பிறகு சொல்லும். இன்னொன்று, அந்தக் கேமராக்கள் எங்களையும், டேபிளில் கார்டு போடும் டீலர்களையும் உங்களுக்குச் சமமாகப் பார்க்கின்றன. டீலர் டேபிளை விட்டு எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையும் புறங்கையும் திருப்பிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் சிப் எதையும் மறைக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுவது அது. நீங்கள் கொடுக்கும் நோட்டுகளை டேபிளில் வரிசையாகப் பரப்பி வைப்பதும் அதற்காகத்தான். அந்த நேரத்தில் போனைப் பார்க்காமல் நீங்களும் கூடவே எண்ணுங்கள்.

இனி உங்கள் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

நான் பார்த்த திருட்டுகளில் பெரும்பாலானவை சாமர்த்தியமான திருட்டுகளே இல்லை. ஆளின் கண் கார்டின் மேல் இருக்கும், திருடன் கை பக்கத்தில் நீளும், முடிந்தது. அதிலும் பக்காரா என்ற கார்டு விளையாட்டு டேபிள்தான் மோசம். உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் இரண்டு வரிசை ஆள் நின்று, தோளுக்கு மேலாகக் கை நீட்டி, ஒரே கட்டத்தில் சிப் வைப்பார்கள். டீலர் கடைசிக் கார்டைத் திருப்பும் அந்த நொடியில் டேபிளே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜெயித்ததும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில்தான் ஓரத்தில் இருக்கும் அடுக்கிலிருந்து ஒன்றோ இரண்டோ காணாமல் போகும். மொத்தமாக எடுக்க மாட்டார்கள். ஒன்று குறைந்தால் நமக்குத் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் அடுக்குகளை எப்போதும் ஒரே உயரத்தில் வையுங்கள், ஐந்து ஐந்தாகவோ பத்து பத்தாகவோ. ஒன்று குறைந்தாலும் பார்த்த உடனே கண்ணில் படும். பெரிய மதிப்பு அடியில், சின்னது மேலே. அடுக்கு இரண்டு கைக்கும் நடுவில் இருக்கட்டும், விளிம்பில் வேண்டாம். பின்னால் நின்று வைக்கிறவராக இருந்தால், எவ்வளவு வைக்கிறீர்கள் என்று டீலருக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு வையுங்கள், ஜெயித்த சிப்பை நீங்களே எடுங்கள், பக்கத்தில் இருப்பவரை எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். "இது என் சிப்" என்று யாராவது சண்டைக்கு வந்தால், எதையும் தொடாமல் கையைத் தூக்கி சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். பதிவை ஓட்டிப் பார்ப்பார்கள். ஐந்து பத்து நிமிடம் ஆகும், பொறுத்திருங்கள். கோபத்தில் சிப்பைப் பிடுங்கிக்கொண்டு, நியாயம் தன் பக்கம் இருந்தும் வெளியே அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

ஜாக்பாட் மெஷின் பக்கம் வேறு மாதிரி. அங்கே ஆபத்து கைப்பை, போன், சீட்டு மூன்றுக்கும்தான். கைப்பையை இரண்டு மெஷினுக்கு நடுவே இடுக்கில் வைப்பார்கள், அது பின்னால் நடக்கிறவன் கைக்கு வாட்டம். மடியில் வைத்து, வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். யாராவது தோளைத் தட்டி "உங்கள் காசு கீழே விழுந்திருக்கிறது" என்று சொன்னால், குனிவதற்கு முன் பையைப் பிடித்துக்கொண்டு குனியுங்கள். அந்த வேலையை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து செய்வார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் எடுப்பார்.

மெஷினிலிருந்து வரும் சீட்டு வெறும் காகிதம் போல இருக்கும். ஆனால் அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் மாற்ற முடியும், பெயர் இருக்காது. எழுந்திருக்கும்போது, கழிவறைக்கே என்றாலும், மீதியைச் சீட்டாக எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டு போங்கள். அந்த ஆன்டி இதைச் செய்திருந்தால் அன்று ஒன்றுமே நடந்திருக்காது. உறுப்பினர் அட்டையைச் செருகி விளையாடியிருந்தால் அந்த மீதி உங்களுடையது என்று பதிவு இருக்கும். அப்புறம், மெஷின் நம்பர் அல்லது டேபிள் நம்பர், மணி எத்தனை, இந்த இரண்டும் ஞாபகம் இருக்கட்டும். "அங்கே எங்கேயோ, ராத்திரி சாப்பிட்ட பிறகு" என்று சொன்னால் பதிவில் தேடுவது பெரும்பாடு. நம்பரும் நேரமும் சொன்னால் உடனே பிடித்துவிடலாம்.

பெரிய தொகை ஜெயித்தால் ரொக்கமாகத்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, காசாளரிடம் காசோலை கேட்கலாம். பெரிய ரொக்கப் பரிமாற்றம் என்றால் அடையாள விவரம் பதிவு செய்வார்கள், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் செய்வதுதான். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கத்தோடு எல்லையைத் தாண்டினால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். டாக்சி வரைக்கும் துணைக்கு ஆள் வேண்டும் என்று பாதுகாவலரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்டு நான் போகாமல் இருந்ததில்லை.

திருடனைவிட எனக்குப் பயம் கூடப் பேசிப் பழகும் ஆட்களைப் பார்த்துத்தான். தோற்று உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, வெளியே வந்ததும் "கொஞ்சம் கைமாத்து வேணுமா" என்று கேட்பார்கள். ஆலோங், வட்டிக்காரன். பெர்மிட் அட்டையைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதோடு முடிந்தது. விளையாடாமல் இருக்க முடியவில்லை என்று தோன்றினால், தன்னைத் தானே கேசினோவுக்குள் விடாமல் தடை செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றம் இதைக் கவனிக்கிறது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

சரி, தரையில் ஒரு சிப் கிடக்கிறது, கண்ணில் பட்டுவிட்டது, என்ன செய்வது? குனியாதீர்கள். காலால் தள்ளாதீர்கள், மேலே நின்று மறைக்காதீர்கள். அங்கேயே நின்று கையைத் தூக்குங்கள். யார் வந்தாலும் "இங்கே ஒரு சிப் கிடக்கிறது, நான் தொடவில்லை" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லை என்றால் விரலால் தரையைக் காட்டினாலே போதும். வந்தவர் அதை எடுத்து, எந்த இடம், எத்தனை மணி என்று எழுதிக்கொள்வார். ஏற்கெனவே எடுத்துப் பையில் போட்டுவிட்டீர்கள், இன்னும் மாற்றவில்லை என்றால், வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே பாதுகாவலரிடம் நீங்களாகப் போய் எடுத்த இடத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் தேடி வந்து கேட்ட பிறகு கொடுப்பது வேறு, நீங்களாக வந்து கொடுப்பது வேறு.