பறக்கத் தெரிந்தவள் ஏன் சிறையில் இருக்கிறாள்? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். வேலை ஒயிட்ஃபீல்டில். சில மாதங்களாக ஒரு தொடர்கதை எழுதி வருகிறேன். சோழர் காலத்தை ஒத்த ஒரு கற்பனை நாடு. தோற்ற தேசத்திலிருந்து சிறைபிடித்து வந்த பெண் ஒருத்திக்கு உருமாறும் மந்திரம் தெரியும். அவள் மீது இளவரசனுக்குக் காதல். அவனை ஒழித்துவிட்டுத் தன் பேரனை அரியணை ஏற்ற அமைச்சர் சதி செய்கிறார்.

நண்பர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிப் பக்கம் கூடுவோம். அங்கே பாதிக் கதையை வாசித்தேன். “உருமாறத் தெரிந்தவள் காவல்காரன் மாதிரி மாறி வாசல் வழியே போய்விடலாமே, ஏன் இத்தனை அத்தியாயமாக அழுகிறாள்?” என்று ஒரு தோழி கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சரி என்று மந்திரத்துக்கு விதிகள் போட்டேன். ஒரு நாழிகைதான் நிற்கும், அமாவாசையில் பலிக்காது, இப்படி. இப்போது வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். பேசாமல் மந்திரத்தை எடுத்துவிட்டு வெறும் சரித்திரக் கதையாக்கிவிடவா? அப்புறம், வசனம் செந்தமிழிலா, பேச்சுத் தமிழிலா?

ச.

*

அன்புள்ள ச.,

மந்திரத்தை எடுக்காதீர்கள். விதிகளை எடுத்துவிடுங்கள். அந்தத் தோழியை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் கேட்டதுதான் உங்கள் கதைக்கு வேண்டிய கேள்வி.

அதே கேள்வியைத் தமிழில் வெகுகாலம் முன்பே ஒருவர் கேட்டுப் பதிலும் எழுதிவிட்டார். மணிமேகலையைப் பள்ளிக்கூடத்தில் அமுதசுரபி, பசிப்பிணி, அறம் என்று படித்துவிட்டு மூடிவைத்திருப்பீர்கள். இப்போது கதைக்காக மட்டும் எடுத்துப் பாருங்கள். மணிபல்லவத்தில் தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்கள் தருகிறது. வேற்றுருக் கொள்ளலாம், வானத்தில் போகலாம், பசியில்லாமல் இருக்கலாம். அமாவாசைக் கணக்கெல்லாம் எதற்கும் கிடையாது. ஆனாலும் அவள் தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறாள்.

எப்படி? சோழ இளவரசன் உதயகுமரன் விடாமல் பின்தொடர்கிறான். அவனிடமிருந்து விலக, காயசண்டிகை என்ற விஞ்சையர் குலப் பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் காயசண்டிகையின் கணவன் மனைவியைத் தேடி வந்து நிற்கிறான். தன் மனைவிதான் இளவரசனோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து வாளை உருவிவிடுகிறான். உதயகுமரன் செத்துப்போகிறான். கவனியுங்கள், மந்திரம் பலித்துவிட்டது, ஒரு குறையும் இல்லாமல். அதனால்தான் கொலை விழுந்தது. உங்கள் கதையில் சிக்கல் விழுந்த பிறகு மந்திரம் அவிழ்க்க வருகிறது. அங்கே சிக்கலைப் போடுவதே மந்திரம்.

அதற்கு அப்புறம்தான் அரண்மனைச் சூழ்ச்சி. அரசன் அவளைச் சிறையில் வைக்கிறான். மகனைப் பறிகொடுத்த ராணி இராசமாதேவி நயமாகப் பேசி அவளைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்கிறாள். பித்துப் பிடிக்க மருந்து கொடுக்கிறாள், பலிக்கவில்லை. காசு கொடுத்து ஒரு முரடனை ஏவுகிறாள். அவன் வந்து பார்த்தால் உள்ளே ஓர் ஆண் நிற்கிறான். நோய் என்று பேர் பண்ணி அறையில் அடைத்துச் சோறு போடாமல் விடுகிறாள். மூன்றாவது மந்திரம் இருக்கிறதே, அவள் வாடவில்லை. ராணி நடுங்கிப்போகிறாள்.

உங்கள் தோழியின் கேள்வி இங்கேதான் வருகிறது: பறக்கத் தெரிந்தவள் ஏன் பறக்கவில்லை? அதற்கு மணிமேகலையே ராணியிடம் பதில் சொல்கிறாள். தப்பிப்பதற்காக வானத்தில் போவதையோ வேறு உருவம் எடுப்பதையோ நான் நினைத்துப் பார்க்கவில்லை, போன பிறவியில் என் காதலனாக இருந்தவனைப் பெற்றவள் நீ, உன் துயரைத் தீர்க்கத்தான் இருந்தேன் என்கிறாள். உதயகுமரன்தான் முற்பிறப்பில் அவள் கணவன். ஆகவே தன்னைக் கொல்லப் பார்ப்பவள், ஒரு கணக்கில், மாமியார்! சதி, மந்திரம், காதல் மூன்றையும் ஒரே பதிலில் சாத்தனார் முடிச்சுப் போட்டுவிட்டார். அவளைக் கட்டிப்போட்டது மந்திரத்தின் விதி இல்லை, அவள் மனசு.

ஆகவே உங்கள் நாயகி ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு நாழிகைக் கணக்கைத் தேடாதீர்கள். அவளோடு பிடிபட்டு வந்த தங்கை ஒருத்தி அதே அரண்மனையில் இருக்கலாம். அவள் போனால் தங்கை பிணை. இது ரொம்பச் சாதாரணமான காரணம்தான், ஆனால் அல்சூரில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அடுத்து அமைச்சர். நீங்கள் அனுப்பிய பகுதியில் அவர் இருட்டில் நின்று மீசையை முறுக்குகிறார், விஷம் வாங்குகிறார். இந்த ஆளை எனக்குத் தெரியும், எல்லாத் தொடரிலும் வருகிறார். அவரை அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சோழ அரசனின் ஆணை எப்படி நடைமுறைக்கு வந்தது என்று பார்த்தால் சதிக்கான இடங்கள் தானாகக் கிடைக்கும். அரசன் வாயால் சொல்வான். திருமந்திர ஓலை என்ற எழுத்தர் எழுதிக்கொள்வார். அதற்கு மேல் திருமந்திர ஓலைநாயகம் ஒப்பு வைப்பார். அப்புறம் வரித் துறைக்குப் போய்க் கணக்கில் ஏறும். அதன் பிறகுதான் செம்புக்கோ கல்லுக்கோ வரும். ஆனைமங்கலச் செப்பேட்டில் இது நன்றாகத் தெரியும். நாகப்பட்டினத்தில் இருந்த சூளாமணி என்ற பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலத்தின் வருவாயைத் தரும்படி ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையில் இருந்தபடி சொல்கிறான். அது செம்பில் ஏறியது அவன் போன பிறகு, ராஜேந்திரன் காலத்தில். சொன்னதற்கும் செம்பில் ஏறியதற்கும் நடுவே ஒரு ராஜாவே மாறிவிட்டார். உங்கள் அமைச்சர் குடியிருக்க வேண்டியது அந்த இடைவெளியில்.

இப்போது உருமாறும் பெண்ணை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அவள் அரசன் உருவத்தில் உட்கார்ந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அது ஆணை. அமைச்சர் அவளை ஏன் துரத்த வேண்டும்? நாட்டிலேயே அவருக்கு அவளைவிட வேண்டிய ஆள் கிடையாது. ஆனால் அறையில் ஓலை எழுதுகிறவர் உட்கார்ந்திருக்கிறார். பல வருஷமாக அரசன் பேச்சைக் கேட்டு எழுதியவர். அரசன் எங்கே மூச்சு விடுவான், கோபத்தில் எந்த வார்த்தையை இரண்டு முறை சொல்வான் என்று அவருக்குத் தெரியும். முகம் சரியாக இருக்கிறது, பேச்சு சரியில்லை. எழுத்தாணியை ஓலையில் வைத்தவர் அப்படியே நிறுத்துகிறார். இந்த இடத்தை நீங்கள் எழுதினால் ஒரு அத்தியாயம் முழுக்க வரும். மந்திரத்துக்கு வேலியும் கிடைத்துவிடும்.

மந்திரம் உள்ள நாட்டில் அரண்மனைக்கு அது தெரிந்திருக்கும், அதற்கென்று சம்பள ஆளும் இருப்பான். சோழர்கள் எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு வரிசையில் எத்தனாவது வீடு, எல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். அதே பட்டியலில் பெருங்கணி என்ற சோதிடரும் உண்டு, தையல்காரரும் உண்டு. உங்கள் நாட்டில் உருமாற்றத்தைக் கண்டுபிடிக்கிறவனும் இப்படி ஒரு வீட்டில் இருப்பான், நெல் குறைந்துவிட்டது என்று முறையிட்டுக்கொண்டு. அவனை அமைச்சர் எத்தனை கலத்துக்கு வாங்கினார் என்று எழுதுங்கள். விஷத்தைவிட அது பயமாக இருக்கும்.

காதலைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். சிறைபிடித்து வந்த பெண்ணுக்கு நிலா முற்றமும் தனி அறையும் தந்திருக்கிறீர்கள். சோழர் காலத்தில் வேளம் என்ற ஒன்று இருந்தது, கல்வெட்டுகளில் பல வேளங்களின் பெயர்கள் வருகின்றன. அரண்மனை வேலைக்கான பெண்கள் இருந்த இடம். போரில் பிடித்து வந்த பெண்களையும் அங்கே சேர்த்தார்கள். அங்கே இருப்பவளை இளவரசன் விரும்புகிறான், அவளும் மூன்றாவது சந்திப்பிலேயே நாணித் தலைகுனிகிறாள். எப்படி சார்? முடியாது என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லாதபோது அவள் சரி என்றதற்கு என்ன மதிப்பு? அவள் வெளியே போகக்கூடிய ஒரு நாள் வரட்டும், தங்கையோடு. அன்றைக்கு அவள் என்ன செய்கிறாள் என்பதில் காதலை வையுங்கள். அவள் போய்விட்டாலும் எனக்குச் சம்மதமே. இளவரசனை யாராவது ஒரு அத்தியாயம் அழவைத்தால் நல்லது.

களம் பற்றி ஒரு யோசனை. கற்பனை நாடு என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூரையே பேர் மாற்றி எழுதுவதற்கு, பெங்களூரில் இருந்துகொண்டு இங்கேயே தேடலாமே. கர்நாடகத்தை ஆண்ட ஒய்சள அரசன் சோமேசுவரன் 1254 வாக்கில் நாட்டை இரண்டு மகன்களுக்குப் பிரித்தான். நரசிம்மனுக்குத் துவாரசமுத்திரம், ராமநாதனுக்குத் தமிழ்ப்பகுதி. இருவரும் வேறுவேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள், பின்னால் சண்டையும் போட்டார்கள். சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் இருந்து ஆண்ட ராமநாதன், பாண்டியர்களிடம் அதை இழந்து கிருஷ்ணகிரிப் பக்கம் குந்தாணிக்கு வந்து சேர்ந்தான். பெங்களூரு, கோலார் வட்டாரம் அவன் கையில் இருந்தது. டொம்லூர் சொக்கநாதர் கோயிலில் அவன் பேர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. (சொக்கநாதர் என்றதும் சிவன் என்று போகாதீர்கள், உள்ளே பெருமாள்.) தலைநகரைத் தொலைத்த ராஜா, எதிரியாக அண்ணன் தம்பி உறவு, கூடவே இடம்பெயர்ந்த ஒரு சபை. யாருக்கு எந்தப் பதவி மிஞ்சும் என்று எல்லோருக்கும் கலக்கம். சதிக்கு இதைவிட என்ன வேண்டும்? மந்திரக்காரியை மட்டும் நீங்கள் கொண்டுவந்தால் போதும்.

வசனத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கன்னட அரச குலம், தமிழில் கல்வெட்டு. அந்தச் சபையில் ராஜா அம்மாவிடம் ஒரு மொழியிலும் ஓலைக்காரரிடம் ஒரு மொழியிலும் பேசியிருப்பான் என்று தாராளமாக எழுதலாம். பெங்களூரில் வீட்டில் ஒன்று, வாசலில் ஒன்று என்று பேசுகிறவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. ஆணையாகச் சொல்வது மட்டும் கல்வெட்டு நடையில் இருக்கட்டும். மற்ற நேரத்தில் மனிதர்கள் மாதிரி பேசட்டும். “தேவி, தாங்கள் உண்டீர்களா?” வேண்டாம். “சாப்பிட்டாயா?” போதும். பொய் அரசன் மாட்டிக்கொள்வதற்கும் இது உதவும். அவசரத்தில் ஒரு வார்த்தை கன்னடத்தில் வரவேண்டிய இடத்தில் அவளுக்குத் தமிழில் வந்துவிடுகிறது, ஓலைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.

அந்த அத்தியாயத்தை எழுதியதும் முதலில் உங்கள் தோழியிடம் கொடுங்கள். அப்புறம் எனக்கு அனுப்பலாம்.