பட்டறை இல்லாத அரக்கு ஓவியர்

கேள்வி: வியட்நாம் அரக்கு ஓவியங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த குறிப்பைப் படித்தேன். பலகை தயாரிக்க ஒருவர், முட்டை ஓடு ஒட்ட ஒருவர், தேய்க்க ஒருவர் என்று ஆள் வைத்துப் பட்டறையில் செய்வதை ஓவியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அது கைத்தொழில். உண்மையான ஓவியனுக்குப் பட்டறை எதற்கு? ஒரு மூலையில் உட்கார வைத்தாலும் அவன் வரைவானே?
– வாசகர் ஒருவர், கோவை

பதில்: தாளும் பென்சிலும் கொடுத்தால் வரைவான். அரக்கைக் கொடுத்து உட்கார வைத்தால், அந்த மூலை ஈரமில்லாத மூலையாக இருந்தால், பூசியது பூசியபடி பிசுபிசுவென்று கிடக்கும். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே தொடங்குகிறது.

வியட்நாம் அரக்கு நம் கொம்பரக்கைப் போலப் பூச்சியிலிருந்து வருவதில்லை. அது மரத்தின் பால். ஹனோய்க்கு வடமேற்கே ஃபூ தோ பகுதியில், விடிவதற்கு முன்பே மரப்பட்டையைக் கீறி, சிப்பி ஓடுகளைச் செருகி அந்தப் பாலைப் பிடிக்கிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால்தான் அது இறுகும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு பலகையை ஈரம் காக்கும் அறையில் அடைத்து வைக்க வேண்டும். வறண்ட காற்று வீசும் நாட்களில் வேலை நின்றுவிடும். மாசி, பங்குனி வாக்கில் ஹனோயில் விடாமல் தூறும் தூறல் மற்றவர்களுக்குத் தொல்லை, அரக்குக்காரர்களுக்கு நல்ல காலம். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முகம் வீங்கும், கையெல்லாம் அரிக்கும். நம் ஊரில் சேராங்கொட்டைப் பால் பட்டால் ஆகுமே, அதேதான். இரண்டு மரங்களும் ஒரே குடும்பம்.

பலகையும் கடையில் வாங்கிவரும் பலகை இல்லை. மரத்தின் மேல் துணி ஒட்டி, அரக்கில் மண்ணும் மரத்தூளும் குழைத்து அப்பி, இறுகிய பின் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, கண்ணாடிபோல் கறுப்பாக வந்தால்தான் முதல் கோடே போட முடியும். இதைச் சரியாகச் செய்யாத பலகை சில வருஷங்களில் வெடித்துவிடும். மேலே எவ்வளவு பெரிய மேதை வரைந்திருந்தாலும் சேர்ந்து வெடிக்கும்.

சரி, 'உண்மையான ஓவியன்' என்றீர்கள். அரக்கில் அப்படி ஒருவரைச் சொல்லச் சொன்னால் வியட்நாமியர் பெரும்பாலும் முதலில் சொல்லும் பெயர் நுயென் ஸா ச்சி. 1908ல் பிறந்து 1993ல் மறைந்தவர். அவர் எங்கே உருவானார் என்று பாருங்கள்.

பிரெஞ்சு ஓவியர் விக்டர் டார்டியூவும் வியட்நாம் ஓவியர் நாம் சொனும் சேர்ந்து, அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஹனோயில் இந்தோசீன நுண்கலைப் பள்ளியை 1925ல் திறந்தார்கள். அதற்கு முன் அரக்கு என்றால் கோயில் பலகை, சிலை, பூசைத் தட்டு, பெட்டி. நிறமும் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, பொன் என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அங்கே ஆசிரியராக இருந்த ஜோசப் ஆங்கிம்பெர்ட்டி, மாணவர்கள் கையில் இந்த அரக்கு வர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். ஆனால் அவருக்கு அரக்கு வேலை தெரியாது. வேலை தெரிந்தவர் தின் வான் தான் என்ற கைவினைஞர். பள்ளிக்குள் அமைந்த அரக்குப் பட்டறையில் அவரும் மாணவர்களும் சேர்ந்து சோதித்துச் சோதித்துத்தான் புதிய வழி பிறந்தது. அரக்கைப் பிசினுடன் கலந்து, கரப்பான் சிறகு போன்ற தெளிந்த பழுப்பை எடுத்தார்கள். அதன் அடியில் வெள்ளி ரேக்கையும் சாதிலிங்கச் சிவப்பையும் புதைத்தார்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்து வெளியே கொண்டுவந்தார்கள். பூசி முடிப்பதுதான் ஓவியம் என்றிருந்ததை, தேய்த்து முடிப்பதுதான் ஓவியம் என்று மாற்றியது அந்தப் பட்டறைதான். படிப்பை நடுவில் விட்டுப் போன ஸா ச்சி திரும்பிவந்து அதே பள்ளியில் 1936ல் முடித்தார்.

உங்கள் கேள்வியும் அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது. டார்டியூ 1937ல் இறந்த பின் இயக்குநராக வந்த எவாரிஸ்ட் ஜோன்ஷேர், பள்ளி நல்ல கைவினைஞர்களை உருவாக்கினால் போதும் என்ற பக்கம் சாய்ந்தார். ஓவியர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கைத்தொழில் கேவலம் என்று அவர்கள் நினைக்கவில்லை. 'ஓவியம் எங்களுக்கு, கைத்தொழில் உங்களுக்கு' என்று ஆள்கிறவன் கோடு போடுவதைத்தான் ஏற்கவில்லை. நீங்கள் இன்று போடும் கோடும் அதே இடத்தில்தான் விழுகிறது. எந்தக் கெட்ட எண்ணத்திலும் நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் அதை அழிக்கத்தான் வேண்டும்.

ஏனென்றால் ஸா ச்சியின் 1939ஆம் ஆண்டு மடிப்புத் திரை இருக்கிறது. எட்டுப் பலகைகள். ஒரு பக்கம் தோட்டத்தில் இளம்பெண்கள், மறுபக்கம் அடர்ந்த இலைகள். ஹனோய் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவருடைய பெண்களின் வெள்ளை உடைகள் வண்ணத்தால் ஆனவை அல்ல, முட்டை ஓடு. வாத்து முட்டையின் ஓட்டை எடுத்து, உள்தோலைச் சுத்தமாக உரித்துவிட்டு, சிறு துண்டாக ஈர அரக்கின் மேல் வைத்து மெல்லத் தட்டுவார்கள். ஓடு நொறுங்கி, விரிசல்களுக்குள் அரக்கு ஏறும். துண்டு பெரிதா சிறிதா, நெருக்கமா இடைவெளியா, உட்புறம் மேலேயா வெளிப்புறம் மேலேயா என்பதைப் பொறுத்து அந்தத் துணி வெயிலில் நிற்கும் அல்லது நிழலில் விழும். அதற்குத் தூரிகையே இல்லை. இதில் எது 'வெறும் ஒட்டு வேலை', எது 'ஓவியம்' என்று நீங்கள்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சி அவரைச் சிறையில் போட்டது. விடுதலைக்குப் பின் மீண்டும் ஹனோய், அப்புறம் ஹாங்காங், 1950களில் சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்). எண்ணெய்ச் சாய ஓவியர் ஊர் மாறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அரக்குக்காரர் ஈர அறை, பலகை, பால், ரேக்கு, பழகிய கைகள் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். 1954ல் நாடு இரண்டானபோது ஃபூ தோ மரங்கள் வடக்கே, அவர் தெற்கே. தெற்கில் கம்போடியப் பாலும் புழங்கியது. வேறு மரம், வேறு குணம்.

சைகோன் பட்டறையில் உருவானதுதான் அவருடைய கடைசிப் பெரிய வேலை. வியட்நாமின் நடு, தெற்கு, வடக்கு என மூன்று பகுதிகளின் வசந்தத் தோட்டம். ஒன்பது பலகைகள், 2 மீட்டர் உயரம், 5.4 மீட்டர் அகலம். 1969ல் தொடங்கி 1989ல் முடித்தார். அந்த இருபது வருஷத்துக்குள் போர் முடிந்தது, நாடு ஒன்றானது, அவருக்கு எண்பது வயது தாண்டியது. உதவியாளர்கள் இல்லாமல் அந்த உடம்பு அந்தப் பலகைகளைத் தேய்த்திருக்க முடியாது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று சொன்னது அவர் கண்.

அந்த 'நிறுத்து'தான் எல்லாம். புதைத்த ஓவியத்தை மேலிருந்து தேய்த்துக்கொண்டே வரும்போது முதலில் உயர்ந்த இடங்கள் தெரியும், பிறகு ரேக்கு மினுங்கும். இன்னும் நாலு தேய்ப்பு கூடினால் ரேக்கு போய் அடிச் சிவப்பு வந்துவிடும். போனது போனதுதான். தேய்ப்பவர் கை தடுமாறினால் ஓவியரின் மூன்று மாதம் தண்ணீரில் போகும். இந்த வேலையைத்தான் 'தேய்க்க ஒருவர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் அதே வசந்தத் தோட்டம்தான் சான்று. 1991ல் ஹோ சி மின் நகர நிர்வாகம் அதை வாங்கியது. 2013ல் தேசியச் செல்வம் என்று அறிவித்தார்கள். பிறகு சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, மெருகுப் பொடி, உப்புத்தாள் என்று போட்டுத் தேய்த்ததில் மேற்பரப்பு பழுதாகிவிட்டது என்று 2019ல் நிபுணர் குழு சொன்னது. ஓவியத்தின் ஆழம் தட்டையாகிப் போனது, நிறங்கள் கத்தத் தொடங்கின. பட்டறையிலும் தண்ணீரும் உப்புத்தாளும்தான். அங்கே அவை ஓவியத்தைக் கொண்டுவந்தன, இங்கே கொண்டுபோயின. எனக்கு இன்னும் ஆறாத செய்தி இது.

ஆக, ஓவியம் யாருடையது? ஸா ச்சியுடையது, சந்தேகமே வேண்டாம். எந்த ஆழத்தில் எதைப் புதைப்பது, எதை எழுப்புவது என்ற முடிவு அவருடையது. ஆனால் பட்டறையில் பழகாமல் அந்த முடிவுகளை எடுக்கும் கண் அவருக்கு வாய்த்திருக்காது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதை நானே கேட்கிறேன். தின் வான் தான் பெயராவது பள்ளியின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. மற்றப் பட்டறைகளில் பலகை செய்தவர்கள், ஓடு பதித்தவர்கள், தேய்த்தவர்கள் பெயர்களை அருங்காட்சியகச் சுவரில் ஏன் எழுதவில்லை? ஆள் வைத்துச் செய்ததால் ஓவியரின் பெயரை எடுக்கச் சொல்கிறீர்கள். அந்த ஆட்களின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.